ஏழாம் ஆள்

பல்கலைக்கழகத்தில் எனக்கு முதுகுக்குப் பின்னால் வழங்கும் பெயர் பூட்டு. "பூட்டு மேடத்தைப் பாத்துட்டு வந்தாச்சா?" என்று வராந்தாவில் ஒருவரை ஒருவர் விசாரித்துக்கொள்வார்கள். எனக்குத் தெரியாது என்று அவர்கள் நினைப்பு. மனிதர்களை வைத்து யார் எந்த ஆராய்ச்சி செய்தாலும் எங்கள் ஆய்வு நெறிக் குழு பார்த்துச் சரி சொல்ல வேண்டும். அந்தக் குழுவுக்கு நான் தலைவி. பூட்டு என்று சொல்வதில் எனக்குத் துளியும் வருத்தமில்லை. பூட்டில்லாத வீட்டில் யாரும் நிம்மதியாகத் தூங்கியதாக நான் கேள்விப்பட்டதில்லை.

என்னிடம் ஒரு பழக்கம் உண்டு. இணையத்தில் மக்கள் எழுதியதை ஆராய்ந்ததாக யாராவது கட்டுரை கொண்டுவந்தால் முன்னுரை, முடிவுரை எதையும் படிக்க மாட்டேன். நேராக மேற்கோள்களுக்குப் போவேன். ஒரு வரியை அப்படியே எடுத்துத் தேடுபொறியில் போடுவேன். பெயரை மாற்றிவிட்டோம், ஊரை மறைத்துவிட்டோம் என்று பக்கத்துக்குப் பக்கம் சத்தியம் செய்திருப்பார்கள். வார்த்தைகளை மட்டும் அப்படியே விட்டிருப்பார்கள். அந்த வார்த்தைகளே எழுதியவர் வீட்டு வாசலில் கொண்டுபோய் நம்மை நிறுத்திவிடும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற இந்த வேலையைப் படித்தவர்கள் தவிர வேறு யாரும் இவ்வளவு நம்பிக்கையோடு செய்ய மாட்டார்கள்.

இந்தப் பழக்கம் ஒருநாள் என் சொந்தக் குடும்பத்துக்குள்ளேயே கொண்டுபோய் நிறுத்தும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

என் தம்பி அதே பல்கலைக்கழகத்தில் ஊடகத் துறையில் விரிவுரையாளன். வீட்டில் அவனுக்கு ரேடியோ என்று பெயர். காலையில் கண் திறக்கும்போது வாயும் திறக்கும். இரவில் கண் மூடிய பிறகுதான் வாய் மூடும். இடையில் விளம்பர இடைவேளைகூடக் கிடையாது. அவன் மனைவிக்கு நாங்கள் வைத்த பெயர் சிரிச்சமுகம். அவன் பேசப் பேச அவள் சிரித்துத் தலையாட்டிக்கொண்டே இருப்பாள். "என் பேச்சைக் குறுக்கப் பேசாம கேக்கற ஒரே ஆள் இவதான்" என்று அவன் எல்லோரிடமும் சொல்லிக்கொள்வான். பாவம், என்ன பொறுமை என்று நாங்களும் வியந்துகொள்வோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அவன் வீட்டுக்குப் போயிருந்தேன். சிரிச்சமுகம் ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் வேலை பார்க்கிறாள். அன்று அரைநாள் வேலை, இன்னும் வரவில்லை. கூடத்து சோபாவில் அவள் தைத்த முயல் தலையணையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரு காது நிமிர்ந்திருக்கும், மற்றது தொங்கும். பஞ்சு தீர்ந்துபோச்சா என்று நான் எப்போதும் கிண்டல் செய்கிற தலையணை. ரேடியோ மடிக்கணினியைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தான்.

"அக்கா, மாநாட்டுக்குக் கட்டுரை. நாளைக்கு அனுப்பறேன். சும்மா எழுத்துப் பிழை மட்டும் பாரு."

காது மந்தமாகி வருவதை வீட்டிலும் வேலையிடத்திலும் மறைத்து வாழ்கிறவர்களுக்கென்று இணையத்தில் ஒரு குழு இருக்கிறதாம். அங்கே எழுதப்பட்டதையெல்லாம் ஒரு மென்பொருளை விட்டு மொத்தமாக இறக்கியிருக்கிறான். மறைப்பது, நடிப்பது, சமாளிப்பது என்று மென்பொருள் வரிகளைப் பிரித்துக் கொடுத்திருக்கிறது. இவன் அந்த வரிகளை மட்டும் படித்துக் கட்டுரை எழுதியிருக்கிறான். குழுவில் ஒருவரைக்கூடக் கேட்கவில்லை. எங்கள் குழுவுக்கும் விண்ணப்பிக்கவில்லை.

"ஏன்டா அனுமதி வாங்கல? என் தம்பின்னா நான் எழுந்து வெளியே போயிடுவேன், மத்தவங்க பாப்பாங்க. அதுதானே விதி?"

"அனுமதியே தேவையில்லக்கா. அது திறந்த குழு. எழுதத்தான் சேரணும், படிக்கறது யார் வேணும்னாலும் படிக்கலாம். மேடை போட்டு மைக் வச்சுப் பேசினதை நான் குறிச்சுக்கிட்டேன். அவ்வளவுதான்."

"பஸ்ல பக்கத்து சீட்ல ரெண்டு பேர் வீட்டுக் கஷ்டத்தைப் பேசறாங்க. உன் காதுலயும் விழுது. இறங்கினதும் அதை நோட்டீஸ் அடிச்சு ஒட்டுவியா?"

"பேர் போட்டாத்தானே தப்பு? நான் எல்லாருக்கும் நம்பர் குடுத்துட்டேன். இதைப் படி, ஏழாம் ஆள்னு ஒருத்தங்க. இவங்கதான் என் கட்டுரைக்கே உயிர். என்னா எழுத்து!"

படித்தேன். 'வீட்டுக்காரர் பேசறதுல பாதி எனக்குக் கேக்கறதில்ல. சிரிச்சுத் தலையாட்டிடுவேன். என்னை மாதிரி பொறுமையா கேக்கற ஆளே கிடையாதுன்னு எல்லார்கிட்டயும் பெருமையா சொல்லிட்டு வர்றார். இனிமே போய் எப்படி மாத்திச் சொல்றது?'

"ஊரான் வீட்டு நெய்யே, என் பொண்டாட்டி கையேன்னு அள்ளி அள்ளி ஊத்தியிருக்கியே!" என்றேன். அவன் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு தேநீர் போட உள்ளே போனான். அடுப்படியிலிருந்தும் ஒலிபரப்பு நிற்கவில்லை.

நான் என் கைபேசியை எடுத்து அந்த வரியைத் தேடலில் போட்டேன். பழக்கம், வேறென்ன? முதல் விடையே அந்தக் குழுவின் பக்கம்தான். எழுதியவர் தன் முகத்துக்குப் பதிலாக ஒரு படம் வைத்திருந்தார். ஒரு முயல் தலையணை. ஒரு காது நிமிர்ந்தது, மற்றது தொங்குவது.

என் மடியில் இருந்த முயலைக் குனிந்து பார்த்தேன். பிறகு படத்தை ஒருமுறை பார்த்தேன். அதற்குக் கீழே அவளுடைய இன்னொரு பதிவும் இருந்தது. டாக்டர் முகக்கவசம் போட்டுக்கொண்டு பேசினால் ஒன்றும் புரிவதில்லை, அவருக்குத் தெரிந்தால் வேலை போய்விடும் என்று பயமாக இருக்கிறது என்று எழுதியிருந்தாள். வீட்டுக்காரருக்கு அவர் வீட்டில் ரேடியோ என்று பெயர் என்றும் எழுதியிருந்தாள். இதில் ஒரு பதிவை இவன் முழுதாகப் படித்திருந்தால் போதும். ஆளைப் படிக்காமல் வரியைப் படித்தால் இப்படித்தான். விளக்குக்கு அடியில் இருட்டு என்று சொல்வார்கள். இங்கே விளக்கு அடுப்படியில் நின்று தேநீர் வடிகட்டிக்கொண்டிருந்தது.

எனக்கு முதலில் வந்தது கோபம். அதன் பின்னாலேயே வெட்கம் வந்தது. அவள் வாய் திறந்து சொல்லாததை நானும்தான் அவளைக் கேட்காமல் தெரிந்துகொண்டுவிட்டேன்.

"என்னக்கா, தேடிப் பாத்தியா? உன் பூட்டு வேலையை ஆரம்பிச்சிருப்பியே. ஆள் கிடைச்சாங்களா? காட்டு" என்று இரண்டு கோப்பைகளோடு வந்தான்.

கைபேசியைப் பைக்குள் போட்டேன். "கிடைச்சாங்க. அதனாலதான் காட்ட மாட்டேன்."

"அப்ப நானே தேடிக்கறேன்." கணினியை இழுத்தான். நான் அதன் மூடியை அழுத்தி மூடினேன்.

"இங்க பாரு. யார்கிட்டயும் சொல்ல முடியாததை, ஆள் தெரியாத இடத்துல ஒருத்தங்க இறக்கி வச்சிருக்காங்க. அவங்க யாருன்னு தெரிஞ்சா உன் ஆராய்ச்சிக்கு ஏதாவது லாபமா?"

"இல்ல."

"அப்ப தேடாத. தேடினா நீ ஆராய்ச்சிக்காரன் இல்ல, ஆள் பிடிக்கறவன். தேட மாட்டேன்னு சொல்லு. கட்டுரையையும் ஒரு வாரம் அனுப்பாம வை."

"சொந்த அக்காவே குழி பறிக்கறா" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். ஆனால் தேட மாட்டேன் என்று சொன்னான். ரேடியோவிடம் ஆயிரம் குறை சொல்லலாம். சொன்ன சொல் தவற மாட்டான்.

என் நிலைமையைப் பாருங்கள். இவன் செய்தது தப்பு என்று நிரூபிக்க என் கையில் சான்று இருக்கிறது. அதைக் காட்டினால் இவன் செய்த தப்பை நான் செய்து முடித்ததாகிவிடும். காட்டாவிட்டால் ஒரு வாரம் கழித்துக் கட்டுரை போய்விடும். மாநாட்டில் படித்துவிட்டு எவனாவது ஒருவன் அந்த வரியைத் தேடுவான். முயலையும் பல் மருத்துவமனையையும் ரேடியோவையும் கூட்டிப் பார்க்கப் பெரிய கணக்கு ஒன்றும் தெரிய வேண்டாம். இருபது வருடமாக நெறிக் குழுவில் நான் அடுத்தவர்களிடம் சொல்லி வந்தது ஒன்றுதான்: சந்தேகம் வந்தால் சம்பந்தப்பட்ட ஆளிடம் போய்க் கேள். எனக்கு மட்டும் வேறு சட்டமா?

மறுநாள் பல் மருத்துவமனைக்குப் போனேன்.

எத்தனையோ முறை போயிருக்கிறேன், அன்றுதான் அவள் வேலை செய்வதைப் பார்த்தேன். மேசையைச் சுவர் ஓரமாகத் தள்ளிப் போட்டிருந்தாள். ஜன்னல் வெளிச்சம் வருகிறவர்கள் முகத்தில் விழும். பெயரையும் எந்தப் பல் வலிக்கிறது என்பதையும் அவர்களையே ஒரு துண்டுச் சீட்டில் எழுதச் சொன்னாள். உள்ளே டாக்டர் கூப்பிட்டது எனக்குக் கேட்டது. அவள் திரும்பவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவளாகவே எழுந்து கதவருகே போய், அவர் முகக்கவசத்தை இறக்கும்வரை காத்திருந்து, சிரித்துக்கொண்டே என்ன வேண்டும் என்று கேட்டு வந்தாள். ஒரு நோயாளியும் குறை சொல்ல முடியாத வேலை.

கூட்டம் குறைந்ததும் நான் நாற்காலியை இழுத்து அவளுக்கு நேர் எதிரே போட்டு உட்கார்ந்தேன். வெளிச்சம் என் முகத்தில் விழுந்தது. நிதானமாக வாயைத் திறந்து, "உன்கிட்ட ஒரு விஷயம் பேசணும்" என்றேன்.

அவள் சிரிப்பு அப்படியே நின்றது.

"இத்தனை வருஷத்துல நீங்க கைப்பையில எதையாவது தேடிக்கிட்டேதான் என்கிட்ட பேசுவீங்க அண்ணி. இன்னைக்கு நேரா உக்காந்து பேசறீங்க. தெரிஞ்சுபோச்சா?"

கெட்டிக்காரி. ஒளித்துப் பேச ஒன்றும் இல்லை. எல்லாவற்றையும் சொன்னேன். தம்பியின் கட்டுரை, அவள் வரி, முயல். "தேடிப் பாத்தது நான். அதுவும் உன்னைக் கேக்காமத்தான். அது என் தப்பு" என்றும் சொன்னேன்.

"அவருக்குத் தெரியுமா?"

"தெரியாது. உனக்கு நம்பர் குடுத்திருக்கான். ஏழாம் ஆள்."

"ஏழா?" அவள் கண் கலங்கிக்கொண்டே சிரித்தாள். "வீட்ல இருக்கறதே ரெண்டு பேரு. அதுல நான் ஏழாம் ஆளா அண்ணி?"

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு இருவரும் சிரிப்பை அடக்கிக்கொண்டோம்.

"இந்த மாசக் கடைசில காது டாக்டர்கிட்ட போறேன். கருவி வச்சுக்கிட்டு, இங்க டாக்டர்கிட்ட நானே சொல்றதா இருக்கேன். எனக்காக வேற யாரும் முந்திக்கிட்டுச் சொல்லக் கூடாது. உங்க தம்பிகிட்ட சொல்றதுக்குத்தான் பயமே. கோவிச்சுக்குவார்னு இல்ல. சொன்னா என்னை ஒரு தலைப்பாக்கிடுவார்."

"காரணம் சொல்லாம உன் வரியை மட்டும் எடுக்கச் சொல்லிடறேன். போதுமா?"

அவள் மேசைமேல் இருந்த துண்டுச் சீட்டுகளை அடுக்கினாள். "என் வரியை மட்டும் எதுக்கு எடுக்கணும்? அந்தக் குழுவுல என்னை மாதிரி எத்தனை பேர் இருக்காங்க. அவங்க எல்லாருக்குமா நாத்தனார் தலைவியா இருக்காங்க? கேக்கட்டும் அண்ணி. எல்லாரையும் கேக்கட்டும். என்னையும் கேக்கட்டும்."

இந்த ஒரு வாக்கியத்தை என் குழுவில் ஒருவர் இவ்வளவு தெளிவாகச் சொல்லி நான் கேட்டதில்லை. நான் உட்பட.

அன்று மாலையே தம்பியைப் பிடித்தேன். "குழுவுக்கு விண்ணப்பம் போடு. நான் வெளியே போயிடறேன், மத்தவங்க பாக்கட்டும். அவங்க அனுமதிச்சா அந்த இணையக் குழுவுல உன் சொந்தப் பேர்ல போய் நில்லு. செஞ்சதைச் சொல்லு. யார் யார் வரியை எடுத்தியோ அவங்க ஒவ்வொருத்தரையும் கேளு. சரின்னு சொன்னவங்க வரியை மட்டும், அதையும் உன் வார்த்தையில மாத்தி எழுது."

"பாதிப் பேர் மாட்டேன்னு சொல்லிடுவாங்கக்கா!"

"அப்ப இப்பவே பாதிப் பேர் மாட்டேன்னு சொல்றாங்கன்னுதானே அர்த்தம்? நீ கேக்கல, அவ்வளவுதான்."

ரேடியோ முணுமுணுத்துக்கொண்டே விண்ணப்பப் படிவத்தைத் தேடி எடுத்தான்.

என் குழுவினர் நான் இல்லாமல் கூடினார்கள். நான் வராந்தாவில் நின்றேன். அவனைக் குடைந்து எடுத்துவிட்டுத்தான் அனுப்பினார்கள் என்பது அவன் வெளியே வந்த முகத்திலேயே தெரிந்தது. "உள்ள எல்லாருமே பூட்டுதான்" என்றான். எனக்குப் பெருமையாக இருந்தது.

அவன் இணையக் குழுவில் எழுதியதும் அங்கே தேன்கூட்டில் கல்லெறிந்த மாதிரி ஆயிற்று. 'நாங்களே காது கேக்காதவங்க, எங்ககிட்டயே வந்து ஒட்டுக்கேட்டீங்களா சார்?' என்று ஒரு பெரியவர் எழுதியிருந்தார். அதற்கு நூற்றுக்கணக்கான பேர் சிரித்திருந்தார்கள். இன்னொருவர் வாங்கு வாங்கென்று வாங்கியிருந்தார். பலர் சரி என்றார்கள், நேரில் வந்தால் இன்னும் சொல்கிறோம் என்றுகூடச் சிலர் எழுதினார்கள். முயல் படத்தை முன்பே எடுத்துவிட்டிருந்த ஏழாம் ஆளிடமிருந்து தனிச் செய்தி வந்தது. 'என் வார்த்தைகளை எடுத்துடுங்க. காரணம் சொல்ல விருப்பமில்லை.'

ரேடியோ என் அறைக்கு ஓடி வந்தான். எழவு விழுந்த முகம். "போச்சுக்கா. கட்டுரைக்கு உயிரே போச்சு. ஏன்னு ஒரு வார்த்தை கேட்டுப் பாக்கட்டுமா? எடுத்துச் சொன்னா புரிஞ்சுக்குவாங்க."

"காரணம் சொல்ல விருப்பமில்லன்னு எழுதினவங்ககிட்ட காரணம் கேப்பியா?"

என் மேசைக்கு எதிரிலேயே உட்கார்ந்து, வெகுநேரம் எழுதி எழுதி அழித்து ஒரு பதில் அனுப்பினான். என்ன எழுதினாய் என்று நான் கேட்கவில்லை. போகும்போது, "அவங்க அந்த வரியை எழுதறதுக்கு எவ்வளவு நாள் யோசிச்சாங்களோ" என்று மட்டும் சொன்னான்.

அவன் எழுதியதைச் சிரிச்சமுகம் கொண்டுவந்து காட்டினாள். வேலை முடிந்து நேராக என் வீட்டுக்கு வந்தவள், செருப்பைக் கழற்றியதும் கைபேசியை நீட்டினாள். 'சரிங்க. எடுத்துட்டேன். உங்களைக் கேக்காம எடுத்தது தப்பு. மன்னிச்சிடுங்க.'

"கல்யாணம் ஆனதுலேர்ந்து உங்க தம்பி எங்கிட்ட ரெண்டு வரியில பேசி முடிச்சதே இல்ல அண்ணி" என்றாள். "மன்னிப்பு கேட்டதும் இல்ல. எதுக்கும் 'ஏன் தெரியுமா'ன்னு ஆரம்பிச்சிடுவார். இதைப் பாருங்க. ஏன்னு ஒரு வார்த்தை கேக்கல." திரையை மறுபடி படித்தாள். "இந்த ஆள்கிட்ட சொல்லலாம் போல இருக்கு."

"சொல்லணும்னு கட்டாயம் இல்ல. உன் இஷ்டம்."

"தெரியும். அதனாலதான் சொல்லப்போறேன். நீங்களும் இருங்க."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டில் சாப்பாடு. ரேடியோ திருத்திய கட்டுரையைப் பற்றித் தட்டைப் பார்த்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்தான். தலைக்கு மேல் மின்விசிறி கடகடத்தது. அவள் வழக்கம்போலச் சிரிக்கவில்லை. கரண்டியைக் கீழே வைத்தாள்.

"கொஞ்சம் நிறுத்துங்க. நீங்க சொன்னது எனக்குக் கேக்கல. இந்தப் பக்கம் திரும்பிச் சொல்லுங்க."

"என்ன கேக்கல?"

"பாதிப் பேச்சு. ரொம்ப நாளா. சிரிச்சுத் தலையாட்டிக்கிட்டு இருந்தேன்."

அவன் என்னைப் பார்த்தான். நான் தட்டைப் பார்த்தேன். அவன் மெல்லத் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தான். குழுவில் இருந்த முயல் படத்தை அவன் பார்த்ததில்லை, அவன்தான் தேடவில்லையே. ஆனால் அந்த வரியை அவன் மனப்பாடமாக வைத்திருந்தான்.

"ஏழாம் ஆள்" என்றான், சத்தமே வராமல். அவள் அவன் உதட்டைப் படித்துவிட்டு ஆமாம் என்று தலையசைத்தாள்.

அவன் அழுதுவிடுவானோ என்று நினைத்தேன். எழுந்து போய் மின்விசிறியை நிறுத்தினான். தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து அவளுக்கு எதிரே, ஜன்னல் வெளிச்சம் தன் முகத்தில் விழும்படி போட்டு உட்கார்ந்தான். அதை அவனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அவனுக்கு இசைவு தந்த ஒருவர் குழுவில் எழுதியிருந்தது.

"நான் என்ன பண்ணணும், சொல்லு" என்றான். பேசாமல் காத்திருந்தான்.

அவள் சொன்னாள். காது டாக்டர், கருவி, எல்லாம். பல் டாக்டரிடம் முந்தின நாளே சொல்லிவிட்டாளாம். அவர், "அடடா, நான் கூப்பிட்டா திரும்பாம இருக்கறது கோவத்துலன்னு நினைச்சேனே" என்று முகக்கவசத்தை இறக்கிவிட்டுச் சிரித்தாராம். வேலைக்கு ஒன்றும் ஆகவில்லை. ரேடியோ நடுவில் ஒருமுறைகூடக் குறுக்கிடவில்லை. அவன் பிறந்ததிலிருந்து பார்க்கிறேன், நான் கண்டிராத காட்சி அது.

கடைசியில் பிறவிக் குணம் எட்டிப் பார்த்தது. தயங்கித் தயங்கி, "அப்ப... நீதான்னு தெரிஞ்சுபோச்சு... அந்த ஒரு வரியை மட்டும் மறுபடியும்..." என்று இழுத்தான்.

"வேண்டாம்னு எழுதியிருந்தேன்ல?"

"சரிங்க" என்றான் என் தம்பி, தன் மனைவியிடம்.

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். இந்த முறை காதில் வாங்கிக்கொண்டுதான் சிரித்தாள்.